மீன் தொட்டி நீரின் கையிருப்பு

தில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் அடுக்கு வீடுகளில் வாழும் நம்மவர் பலருக்கு முற்றமும் இல்லை, கிணறும் இல்லை. ஆகவே உயிரின் அசைவை வீட்டிற்குள் காண விரும்புவோர் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கின்றனர். தொட்டி பல மாதங்கள் செவ்வனே நடைபெறுகின்றது. ஒரு நாள் சோதித்துப் பார்க்கும்போது நீர் அமிலமாகியிருப்பது தெரிய வருகின்றது. உடனே ஏதோ ஒரு காரத்தை வாங்கிக் கலக்கின்றனர். மறுநாட் காலையில் மீன்கள் மிதக்கின்றன. நல்லெண்ணத்துடன் செய்த காரியம் இவ்வாறு முடிவதேன்? இதனை இங்கு ஆராய்வோம்.

நீரின் அமிலநிலையையும் காரநிலையையும் அளக்கும் அளவுகோலுக்குப் பி.எச். என்று பெயர். டென்மார்க் நாட்டு விஞ்ஞானி சோரன்சன் 1909-ஆம் ஆண்டில், கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தபோது இதனை வகுத்தார். இதில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு என்பதை நாம் மறத்தலாகாது. பி.எச். 6 உள்ள நீரில் 8 உள்ள நீரைப்போல் நூறு மடங்கு அமிலத்தன்மை உண்டு. எண்ணளவில் சிறிதாகத் தோன்றும் மாறுதல் மீனின் உடலுக்குப் பெரிய மாறுதலாகும்.

நீர் அமிலமாவது ஏன்? மீனின் கழிவும், உண்ணாமல் எஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறுகின்றன. மணலிலும் வடிகட்டியிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த நஞ்சை நைட்ரேட்டாக மாற்றி மீனைக் காக்கின்றன. ஆனால் அச்செயலில் அமிலமும் பிறக்கின்றது. அந்த அமிலத்தை ஏற்றுச் சமன் செய்வது நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் என்னும் உப்பு. இதனை ஒரு குடும்பத்தின் கையிருப்புக்கு ஒப்பிடலாம். கையிருப்பு உள்ளவரையில் அன்றாடச் செலவு வெளியே தெரிவதில்லை; தீர்ந்த பின்னரே இல்லம் தள்ளாடுகின்றது. அதுபோலவே பி.எச். நெடுநாள் அசையாது நின்று, கையிருப்பு தீர்ந்ததும் விரைந்து விழுகின்றது. சோதனைப் பெட்டிகளில் கே.எச். என்று குறிக்கப்படுவது இக்கையிருப்பின் அளவே. அதுவே நாம் முதலில் அறிய வேண்டியது.

இக்கையிருப்பு ஊருக்கு ஊர் வேறுபடும். மலைப்பகுதி ஏரிகளிலிருந்து மும்பைக்கு வரும் நீர் பெரும்பாலும் மென்னீர். தில்லியின் பல பகுதிகளில் ஆழ்குழாய் நீர் கடின நீர். ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரிலோ இவ்வுப்பு மிகக் குறைவு. அதை மட்டும் தொட்டியில் நிரப்புவோர் கையிருப்பின்றிக் குடித்தனம் தொடங்குகின்றனர் எனலாம்.

இனி, மீன்கள் மடிவதன் காரணத்திற்கு வருவோம். பி.எச். 6-ஐ ஒட்டி இறங்கும்போது மேற்சொன்ன நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடுகின்றன, அம்மோனியா சேர்கின்றது. அமில நீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்னும், தீங்கு குறைந்த வடிவில் இருப்பதால் மீன்கள் பிழைத்திருக்கின்றன. காரம் ஏறினால் அதுவே நச்சு வடிவம் கொள்கின்றது. 25 டிகிரி வெப்பமுள்ள நீரில், பி.எச். 7-ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய நூற்றில் அரைப் பங்கே நஞ்சு. 8-ஆக உயர்ந்தால் நூற்றில் ஐந்து பங்கு. எனவே அமிலநீரில் உயிரோடிருந்த மீன், அதே நீரைத் திடீரெனக் 'குணப்படுத்திய' இரவில் மடிகின்றது.

ஆதலின் முதற்செயல் காரம் இடுவதன்று, அம்மோனியாவைச் சோதிப்பது. அது காணப்பட்டால் தீனியைக் குறைத்து, அடியிலுள்ள கசடை நீக்கி, நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றி வரவேண்டும். புதுநீர் குளோரின் நீங்கியதாக இருத்தல் வேண்டும். அம்மோனியா மறைந்த பின்னரே அடுத்த படி.

அடுத்த படிக்குச் சமையல் சோடா போதும். நம் ஊரில் ஆப்பச் சோடா என்றும், வடநாட்டுக் கடைகளில் மீட்டா சோடா என்றும் வழங்குவது இதுவே. ஐம்பது லிட்டர் நீரில் கே.எச். அளவை ஒரு பாகை உயர்த்த ஒன்றரை கிராம், அதாவது மட்டமான கால் தேக்கரண்டியைவிடச் சற்று மிகுதி, தேவை. இதனை ஒரே வேளையில் இடலாகாது. 600 மில்லி லிட்டர் நீரில் கரைத்து மூடி வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு 100 மில்லி லிட்டர் வீதம் மெல்ல ஊற்றுக. மறுநாள் அதே வேளையில் சோதித்து, பி.எச். 0.3-க்கு மேல் ஏறியிருந்தால் ஒரு நாள் நிறுத்துக. கையிருப்பு வளர வளர, அதே அளவு சோடாவுக்கு எண் குறைவாகவே நகரும். கே.எச். நான்கு அல்லது ஐந்து பாகையை அடைந்தால் சாதாரணத் தொட்டிக்குப் போதும்.

சோடா விரைவில் கரைவது. அதன் பயனும் விரைவில் தீரும். நீடித்த பயனுக்குக் கிளிஞ்சல் அல்லது உடைத்த சிப்பியை நன்கு கழுவி, சிறு துணிப்பையிலிட்டு, வடிகட்டியில் வைக்கலாம். நீர் அமிலமாகும்போது அது மிகுதியாகக் கரையும். காரமானால் கரைவது குறையும். காவலுக்கு ஆள் வேண்டா.

தாம்பூலச் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் தொட்டியின் அருகே வரலாகாது. அவை கடுங்காரங்கள், சிறிதளவே மீனின் செவுளைப் புண்படுத்தும். பேக்கிங் பவுடரில் அமிலமும் மாவும் கலந்திருப்பதால் அதுவும் உதவாது.

எல்லா மீனுக்கும் காரநீர் வேண்டுமென்பதும் இல்லை. கப்பி, மோலி போன்றவை கார நீரை விரும்புகின்றன. அமேசான் பகுதியின் நியான் டெட்ராவுக்கு மென்னீரே ஏற்றது. பி.எச். 6.8-இல் மாதக்கணக்காக அசையாது நிற்கும் தொட்டியில், கே.எச். அளவும் குறையாதிருந்தால், எண்ணை உயர்த்த முயல வேண்டுவதில்லை. நாள்தோறும் ஏறி இறங்கும் நல்ல எண்ணைவிட, நிலைத்து நிற்கும் நடுத்தர எண்ணே மீனுக்கு நலம். வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதும், தீனியை அளந்து இடுவதும், மாதமொருமுறை கே.எச். பார்ப்பதும் வழக்கமாகிவிட்டால், சோடா டப்பாவைத் திறக்கும் தேவை பெரும்பாலும் சமையலுக்கு மட்டுமே நேரும்.