கெஞ்சும் சிங்கமீன்

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் சிங்கமீன் மீது ஆசை வந்துவிடும். செம்பழுப்பும் வெள்ளையுமாக வரிகள், அகல விரிந்த துடுப்புகள், அவசரமே இல்லாத நீச்சல். முள்ளில் விஷம் உண்டு என்று சொன்னால் ஆசை குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. உண்மையில் இந்த மீனை வைத்திருப்பதில் விஷம் சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை சாப்பாடு.

சிங்கமீன் நமக்கு அந்நியமானதல்ல. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் வாழ்கிற மீன்தான். பகலில் பாறை இடுக்கில் ஒதுங்கிக் கிடக்கும். வெளிச்சம் மங்கும் நேரத்தில் வேட்டைக்குக் கிளம்பும். பக்கத் துடுப்புகளை விரித்துச் சின்ன மீன்களை மூலைக்குத் தள்ளும். சில சமயம் வாயிலிருந்து இரையை நோக்கித் தண்ணீரைப் பீய்ச்சும். நீரோட்டத்தை எதிர்த்து நிற்பது மீன்களின் பழக்கம் என்பதால், இரை அந்தப் பக்கம் தலையைத் திருப்பும். தலைப்பக்கமாக விழுங்குவது சுலபம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிறகு கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் உறிஞ்சல், அவ்வளவுதான்.

கடலில் அடுத்த வேளை நிச்சயமில்லை. அதனால் கிடைக்கும்போது பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி ஒரு பிடி பிடித்துவிடும். இஸ்ரேலிய விலங்கியலாளர் லெவ் ஃபிஷல்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, வயிறு நிறையத் தின்ற சிங்கமீனின் இரைப்பை 30 மடங்குக்கு மேல் விரிகிறது. அதே மீன் 12 வாரங்களுக்கு மேல் பட்டினி கிடந்தும் சாகவில்லை. இப்படிப்பட்ட உடம்பை தினமும் இரை விழும் கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவந்து வைக்கிறோம்.

புதிதாக வந்த சிங்கமீன் அசைவதைத்தான் இரை என்று அறியும். செத்த இறால் மூக்குக்கு முன்னால் விழுந்தாலும் திரும்பிப் பார்க்காது. அங்கேதான் பலர் தவறுகிறார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் குட்டி கோல்டு ஃபிஷை உயிரோடு வாங்கிவந்து விடுகிறார்கள். மீன் ஆவலாகத் தின்னும், பார்க்கவும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கோல்டு ஃபிஷின் உடலில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1ஐச் சிதைத்துவிடும். அதையே தின்று வளரும் மீனுக்கு நாளடைவில் நரம்புக் கோளாறு வரும், நீச்சல் தடுமாறும். கடல் மீனுக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பும் நன்னீர் மீன்களில் போதுமான அளவு கிடைப்பதில்லை. வாங்கிவந்த மீனோடு நோயும் ஒட்டுண்ணியும் இலவசமாக வரலாம்.

சரியான வழிக்குப் பொறுமை வேண்டும். முதல் சில நாட்களுக்கு உயிருள்ள குட்டி இறால்களைப் போடலாம். அதற்குப் பழகியதும், உறையவைத்து எடுத்த இறால் துண்டையோ கணவாய்த் துண்டையோ ஒரு நீளமான ஒளிபுகும் குச்சியின் முனையில் வைத்து மெல்ல ஆட்டிக் காட்ட வேண்டும். முதல் நாள் முறைக்கும், மறுநாள் முகரும், ஒருநாள் கவ்விவிடும். அதன்பின் இறால், கணவாய், முழுசாகச் சின்னக் கடல் மீன் என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். சில கடல் மீன்களிலும் தயமினேஸ் உண்டு; ஒன்றையே தொடர்ந்து போட்டால் பழைய கதைதான். இரையை வைட்டமின் கரைசலில் நனைத்துக் கொடுப்பது நல்லது.

பழகிய சிங்கமீன் ஆளை அடையாளம் காணும். நீங்கள் அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடியோரம் வந்து துடுப்பை ஆட்டி நிற்கும். பசி என்று நினைத்து இரங்கிவிடாதீர்கள். வளர்ந்த மீனுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். மிஞ்சினால் ஈரலில் கொழுப்பு படியும். மிஞ்சிய இரை தண்ணீரில் அழுகினால் அம்மோனியா ஏறும். அவ்வப்போது மெல்லிய மேல்தோலை உரிக்கும் நாட்களில் அது தின்னாமலும் இருக்கலாம், பதற வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. பெரிய வகை 30 சென்டிமீட்டரைத் தாண்டும். 450 லிட்டர் தொட்டியும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் நல்ல ஸ்கிம்மரும் இல்லாமல் அதை வாங்காதீர்கள். இடம் குறைவு என்றால் குட்டை இனங்கள் 200 லிட்டரில் சமாளிக்கும். வாய்க்குள் நுழையும் எந்த மீனையும் கூட விடாதீர்கள், ‘நீமோ’ என்கிற கோமாளி மீன் உட்பட. தொட்டியைக் கழுவும்போது மீன் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கை வையுங்கள். முதுகிலும் வயிற்றுப் பக்கத்திலுமாக 18 விஷ முட்கள். குத்திவிட்டால் பொறுக்கும் சூடுள்ள, சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணிக்குக் குறையாமல் கையை அமிழ்த்தி வைத்திருந்தால் வலி தணியும். விஷத்திலுள்ள புரதம் சூட்டில் சிதைந்துவிடும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

சலித்துப்போய்க் கடலில் விடுவது மட்டும் கூடவே கூடாது. சிங்கமீனுக்குச் சொந்தமல்லாத அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையில் 1985இல் முதலில் தென்பட்ட சிங்கமீன், மீன்தொட்டிகளிலிருந்து வந்ததாகவே நம்பப்படுகிறது. பஹாமாஸில் நடந்த ஒரு சோதனையில், சிங்கமீன் இருந்த சிறு பாறைகளில் ஐந்து வாரத்தில் புதிதாகச் சேரும் உள்ளூர் மீன்களின் எண்ணிக்கை 79 சதவீதம் சரிந்தது. நம் கடல் அதன் சொந்த வீடுதானே என்பதும் சமாதானமாகாது. தொட்டியில் ஒட்டிய நோய் கூடவே போகும்.

வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கடைக்காரரை உங்கள் கண்ணெதிரில் குச்சியில் செத்த இறாலைக் காட்டச் சொல்லுங்கள். கவ்விச் சாப்பிட்டால் மட்டும் பணத்தை எடுங்கள்.