மாயா அருள்பிரகாசம்

மாதங்கி "மாயா" அருள்பிரகாசம் (பிறப்பு: சூலை 18, 1975, இலண்டன்) எம். ஐ. ஏ. என்னும் மேடைப்பெயரால் அறியப்படும் ஈழத்தமிழ்ப் பாடகியும் ஓவியரும் ஆவார்.

வாழ்க்கைக் குறிப்பு

ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் சென்ற இவர், போர்ச்சூழலால் 1986 இல் தாயுடன் அகதியாக இலண்டன் திரும்பினார். அங்கு சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் பயின்றார்.

கலைப்பணி

எலாஸ்டிகா என்னும் மாற்று ராக் இசைக்குழுவின் 2000 ஆம் ஆண்டு இசைத்தொகுப்பிற்கு அட்டைப்படம் வடிவமைத்தார். அக்குழுவின் பயணத்தைப் படம்பிடித்தபோது, பீச்சஸ் என்னும் பாடகி இவருக்கு மின்னணுத் தாளக்கருவியை அறிமுகப்படுத்தினார். அதிலிருந்தே இவரது இசைப்பயணம் தொடங்கியது.

முதலிரு தொகுப்புகளான "அருளர்" (2005), "கலா" (2007) ஆகியன முறையே தந்தையின் இயக்கப் பெயரையும் தாயின் பெயரையும் கொண்டவை. கலாவில் தென்தமிழகத்து உறுமி ஒலிக்கிறது. அதில் இடம்பெற்ற "பேப்பர் பிளேன்ஸ்" பாடல், அமெரிக்க நுழைவிசைவு பெறுவதில் இவருக்கு நேர்ந்த தடையின் பின்னணியில் உருவானது. 2008 இல் அந்நாட்டுப் பில்போர்டு வரிசையிலேயே நான்காம் இடத்தை எட்டியது. ஏ. ஆர். ரகுமானுடன் இணைந்து உருவாக்கிய "ஓ... சாயா" 2009 இல் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

விமர்சனங்கள்

2009 இல் வன்னிப் போரில் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்படுவதை மேற்கத்திய ஊடகங்களில் எடுத்துரைத்தார். இதனால் விடுதலைப் புலிகளின் ஆதரவாளர் என விமர்சிக்கப்பட்டார். தாம் பயங்கரவாதத்தை ஆதரிக்கவில்லை என அவர் மறுத்தார்.