ஒரு கையெழுத்துதானே மாப்ளே!

"ஒரு கையெழுத்துதானே மாப்ளே! எனக்காக இதுகூடப் போட மாட்டியா?"

மூலனூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஜாமீன் படிவத்தை நீட்டினான் நண்பன். நாலு தையல் மெஷின் வாங்கி, திருப்பூர் கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கப் போகிறானாம். நல்ல உழைப்பாளி. ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏற்கெனவே ஒருத்தருக்கு இப்படிப் போட்டுக் கொடுத்து, அவர் ஊரைக் காலி பண்ணிய பிறகு பதினாலு மாசம் தவணை கட்டியவன் நான். அதுவும் பி.காம். படித்துவிட்டு!

"நீ வேற யாருக்காச்சும் போட்டிருக்கியா?"

"எங்க மச்சானுக்குப் போட்டிருக்கேன். அவரு அவரோட பார்ட்னருக்குப் போட்டிருக்காரு. அதுக்கென்ன?"

அதுக்கென்னவா? இதற்குப் பெயர்தான் சார், முதல் உலகப் போர்!

சிரிக்காதீர்கள். 1882-ல் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி மூன்றும் கூட்டணி போட்டன. மிரண்டுபோன பிரான்ஸும் ரஷ்யாவும் 1894-ல் ஜோடி சேர்ந்தன. பிரிட்டன் 1904-ல் பிரான்ஸோடும் 1907-ல் ரஷ்யாவோடும் பழைய தகராறுகளைப் பேசித் தீர்த்து ராசியானது. கேட்டால், எல்லாமே 'பாதுகாப்புக்காக'!

1914 ஜூன் 28. சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் 19 வயதுப் பையன் ஒருவன் சுட்டுக் கொன்றான். "செர்பியாவை என்ன வேண்டுமானாலும் செய், நாங்கள் இருக்கிறோம்" என்று ஆஸ்திரியாவுக்குத் தைரியம் சொன்னது ஜெர்மனி. சரித்திர ஆசிரியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர், 'தொகை எழுதாத செக்'. காமர்ஸ்காரன் காதுக்கு இதைவிட பயங்கரமான வார்த்தை உண்டா?

ஜூலை 28-ல் செர்பியா மீது ஆஸ்திரியா போர் தொடுத்தது. செர்பியாவுக்காக ரஷ்யா படை திரட்ட, ஆகஸ்ட் 1-ல் ரஷ்யா மீதும் 3-ல் பிரான்ஸ் மீதும் பாய்ந்தது ஜெர்மனி. 4-ம் தேதி பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு 1839-லேயே கையெழுத்துப் போட்டிருந்த பிரிட்டன் அன்று இரவே களத்தில் குதித்தது. ஒரே வாரம், ஊரே பற்றிக்கொண்டது!

இத்தாலி மட்டும் பத்திரத்தின் பொடி எழுத்தைப் படித்தது. "வம்பை ஆரம்பித்தது ஆஸ்திரியா. நான் வர வேண்டியதில்லை" என்று ஒதுங்கி, 1915-ல் எதிரணியிலேயே சேர்ந்துகொண்டது!

கூட்டணி மட்டும்தான் காரணமா? இல்லை. ஆயுதப் போட்டி, வறட்டு கௌரவம், தளபதிகளின் அவசரம் எல்லாம் உண்டு. ஆனால் இரண்டு வீட்டுச் சண்டையை உலகச் சண்டை ஆக்கியதில் அந்தக் கையெழுத்துகளுக்குப் பெரும் பங்கு. ஜாமீன் கடன் ஐந்தொகைக்குள் வராது, அடியில் குறிப்பாகத்தான் நிற்கும் என்று கல்லூரியில் படித்தோமே... 1914-ல் அந்த அடிக்குறிப்புகள் எல்லாம் ஒரே சமயத்தில் வசூலுக்கு வந்துவிட்டன.

இதில் எந்தக் கையெழுத்தும் போடாதவன் நம்ம ஆள். பிரிட்டனின் பிடியில் இருந்த ஒரே காரணத்துக்காக 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். சுமார் 74 ஆயிரம் பேர் மாண்டார்கள். போர் நம் வாசலுக்கும் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே வந்து குண்டு மழை பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, உயிர்கள் போயின, ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடினார்கள். நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' அதை அடித்து நொறுக்கியது. கப்பல் போனாலும் பெயர் தமிழில் தங்கிவிட்டது. "பலே எம்டன்டா இவன்!" என்று எங்கள் அம்மிச்சி திட்டும்போது, அதற்குள் ஒரு உலகப் போர் இருப்பது எனக்குத் தெரியாது.

நட்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நட்புக்கும் ஒரு தொகை எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான்.

படிவத்தை மடித்து அவனிடமே கொடுத்தேன். "கையெழுத்து வேண்டாம். பத்தாயிரம் ரூபாய் தர்றேன். திரும்பி வரலேன்னா என் நஷ்டம் பத்தாயிரம். அதுக்கு மேல ஒரு பைசா இல்லே."

முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவன் மூணு நாள் பேசவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் வாசலில் வந்து நின்றான்.

"எம்டன்டா நீ! சரி... அந்தப் பத்தாயிரத்தை எடு."