கடிகார வாரும் டில்லி வானிலையும்

கைக்கடிகாரத்துக்கு ஒரே வார், அது அறுந்தால் மறு வார் என்பது நம் தந்தையர் காலத்து வழக்கம். 2015 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தாரின் ஸ்மார்ட் வாட்ச் விற்பனைக்கு வந்தபின் அவ்வழக்கம் வெகுவாக மாறலாயிற்று. பொத்தானை அழுத்தினால் வார் கழன்றுவரும்; கருவியும் வேண்டாம், கடைக்காரரும் வேண்டாம். மற்றக் கம்பெனிகளின் கடிகாரங்கள் பலவற்றுக்கு 20 அல்லது 22 மில்லிமீட்டர் அகலமுள்ள வார் பொருந்தும். ஆகவே வகுப்புக்கு ஒன்று, ஓட்டப் பயிற்சிக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று சேர்ப்பது எளிதாகிவிட்டது. கரோல் பாக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றினால் கை நிறைய வந்துவிடும். வந்தவற்றை அறையில் வைப்பது எப்படி என்பதே நம் கேள்வி.

பெரும்பாலோர் நிறம் பார்த்து அடுக்குகிறார்கள். கண்ணுக்கு அழகுதான். ஆயினும் ரசாயனம் படிப்பவனுக்கு அது திருப்தி தருவதில்லை. ஒவ்வொரு வாரும் எதனால் ஆனதோ அதற்கேற்பவே கெடுகிறது. எனவே பொருள் பார்த்துப் பிரிப்பதே முறை.

முதலில் தோல் வார். தோலின் நார்கள் கொல்லாஜன் என்னும் புரதம். ஆவாரம்பட்டையைக் கொண்டும், பிற்காலத்தில் குரோமிய உப்பைக் கொண்டும் அதை அழுகாதபடி பதனிட்டார்கள். பதனிட்ட பின்னரும் தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், விடும். டில்லியில் மே மாதத்து அனல் காற்றில் அது வறண்டு விறைக்கும். ஜூன் இறுதியில் பருவமழை வந்ததும் நிலைமை தலைகீழாகும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். நாமோ அந்தச் சமயம் பார்த்துத்தான் அறையைப் பூட்டிவிட்டுத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுகிறோம்! ஆம்பூரில் செய்ததென்று அப்பா ஆசையாக வாங்கித் தந்த வார், திரும்பிவரும்போது பச்சை பூத்துக் கிடந்தால் மனம் என்ன பாடுபடும்?

இதற்குப் பரிகாரம் புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலமே. அம்மணிகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. ஒரு கிராமின் உட்பரப்பு மட்டும் சில நூறு சதுர மீட்டர்! அப்பரப்பில் நீராவி ஒட்டிக்கொள்கிறது. டப்பா இறுக மூடவேண்டும். இல்லாவிடில் டில்லியின் ஈரம் முழுவதையும் அந்தப் பொட்டலம் குடிக்கவேண்டியதாகும். சிறு டப்பாவுக்கு ஒரு பொட்டலம் போதும். மிகுந்தால் தோல் வறளும். வியர்வையைத் துடைத்து, நிழலில் உலர்த்திய பிறகே வாரை உள்ளே வைக்கவேண்டும்.

ரப்பர் வகையில் புளூரின் கலந்தது உறுதியானது. கார்பனும் புளூரினும் இணைந்த பிணைப்பை வியர்வையும் எண்ணெயும் எளிதில் அசைக்கமாட்டா. சிலிக்கோன் மென்மையானது, ஆனால் தூசியை வாரி ஒட்டிக்கொள்ளும். டில்லியில் தூசிக்குப் பஞ்சமா? சோப்பு நீரில் கழுவினால் போயிற்று. இவ்வார்களைப் பளபளக்கும் பி.வி.சி. உறைகளில் போட்டு வைப்பது நல்லதன்று. அவ்வுறையை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து வாரில் ஏறிப் பிசுபிசுக்கும். வெள்ளை வாரைக் கருந்தோலின் மேல் கிடத்தினால் சாயமும் ஏறக்கூடும்.

எவர்சில்வர் வாருக்குக் குரோமிய ஆக்ஸைடுப் படலமே கவசம். வியர்வை உப்பைக் கழுவினால் போதும். நைலான் வாரின் கொக்கிப் பட்டை பக்கத்திலுள்ள தோலைக் கீறும். அதைத் தனியே வைக்கலாம்.

இனிக் காட்சிக்கு வருவோம். விலையுயர்ந்த கண்ணாடிப் பேழை எதற்கு? பெண்கள் வளையல் அடுக்கும் ஸ்டாண்டே சாலச் சிறந்தது. அதன் உருளை மணிக்கட்டின் பருமன் உள்ளதாகையால் வார் மடங்காது, சுருக்கம் விழாது. ஒரு தண்டுக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டு, அதற்குள் வேண்டுமானால் நிறம் பார்த்து அடுக்கலாம். ஜன்னல் வெயில் படக்கூடாது. சாயத்தை வெளுப்பதில் புறஊதாக் கதிர் வண்ணானையும் மிஞ்சும். பொருட்காட்சிச் சாலைகளில் சாயத் துணிகளுக்கு 50 லக்ஸ் என்னும் மங்கல் ஒளியே வைப்பது இதனால்தான். மழையில் ஊறும் வெளிச்சுவரை ஒட்டியும் ஸ்டாண்டை வைக்கலாகாது.

ஊருக்குப் புறப்படும் அன்று தோல் வார்களை மட்டும் கழற்றி டப்பாவில் இட்டு மூடுங்கள். எவர்சில்வர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.