மத்தியானத்தில் நிற்கும் மெஷின்: குற்றவாளி யார்?

பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல. காலையில் ஒழுங்காக ஓடிய மெஷின், கோடைக் காலத்து மத்தியானத்தில் திடீரென்று நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். "என்ன பட்டனை அமுக்கினாய்?" என்று சூப்பர்வைசர் கேட்பதோ ஆபரேட்டரைத்தான்!

ஆனால் பல சமயங்களில் குற்றவாளி ஆபரேட்டர் அல்ல. கண்ட்ரோல் பானலுக்குள் உட்கார்ந்திருக்கும் 'பவர் சப்ளை'தான்.

அதன் வேலை என்ன?

லைனில் வருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். மெஷினை நடத்தும் பி.எல்.சி., சென்சார், ரிலே முதலியவை கேட்பதோ பெரும்பாலும் 24 வோல்ட் டி.சி. இதை அதுவாக மாற்றித் தருவதே பவர் சப்ளையின் வேலை. மாற்றும்போது ஓரளவு மின்சாரம் வெப்பமாகிப் போகும்.

பழைய முறைக்கு 'லீனியர்' என்று பெயர். இதில் அதிகப்படி வோல்டேஜை ஒரு டிரான்சிஸ்டர் தன்மேல் தாங்கிச் சூடாக்கிக் கழிக்கும். 12 வோல்டை 5 வோல்டாக்கி 1 ஆம்பியர் எடுத்தால், பயன்படுவது 5 வாட். வீணாவது 7 வாட்!

'ஸ்விட்சிங்' முறை வேறு. இதில் டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை முழுதாகத் திறந்து, முழுதாக மூடும். அரைகுறையாக நிற்பதில்லை. அதனால் வெப்பம் குறைவு. டிரான்ஸ்பார்மரும் சிறிதானால் போதும். 1977-ல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் இருந்ததும் இவ்வகைதான்.

கணக்குப் பார்ப்போம்

24 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 240 வாட். 60 சதவீதத் திறனுள்ள சப்ளை இதற்கு 400 வாட் இழுக்கும். 160 வாட் சூடாகும். 90 சதவீதத் திறனுள்ளது 267 வாட்தான் இழுக்கும். சூடு 27 வாட். முழு லோடில் இரவும் பகலும் ஓடினால், ஆண்டுக்கு 1,100 யூனிட்டுக்கு மேல் மிச்சம்.

கரண்ட் பில்லைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பவர் சப்ளைக்குள் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்கு, சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்குவது, 65 டிகிரியில் சுமார் 32,000 மணி நேரம் தாங்கும். முன்னது மூன்று மாதத்துக்கும் குறைவு. பின்னது மூன்றரை ஆண்டுக்கு மேல்.

நல்ல சப்ளையும் காற்றில்லாத பானலில் வேகும். சூடு மிஞ்சினால் தன்னைக் காத்துக்கொள்ள அது தானே அணைந்துவிடும். ஆறினால் மீண்டும் எழும். மத்தியான மர்மத்துக்கு இதுவே விளக்கம்.

என்ன செய்யலாம்?

பானலின் காற்றுத் துவாரத்தில் துணியோ அட்டையோ வைக்காதீர்கள். பில்டரில் தூசி அடையவிடாதீர்கள். சப்ளைக்கு மேலும் கீழும் இடைவெளி வேண்டும். கடைசி ஆம்பியர் வரை லோடு ஏற்றக்கூடாது. கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் மாற்ற வேண்டும். ஆனால் திறப்பது எலக்ட்ரீஷியன் வேலை. சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே 300 வோல்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று: மெஷின் நின்ற தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வெயில் ஏறிய நேரத்திலேயே வரிசையாக நின்றிருந்தால், அடுத்த முறை கேள்வி வரும்போது அந்த நோட்டே உங்களுக்காகச் சாட்சி சொல்லும்.