பனி கரைந்ததும் ஏசி பெட்டியில் கொட்டும் தண்ணீர்... வெடித்த காயிலைக் கண்டுபிடிப்பது எப்படி?

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தைப் பனிப்புயல் புரட்டிப்போட்டது. டல்லாஸில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. சுமார் 45 லட்சம் வீடுகள், நிறுவனங்களில் கரண்ட் போனது. தண்ணீர் பைப்புகள் வெடித்தன. இப்படிப்பட்ட குளிரில் பெரிய கட்டடங்களில் சத்தமில்லாமல் வெடிக்கும் இன்னொன்று, சென்ட்ரல் ஏசியின் காயில்.

காயில் என்றால் என்ன?

ஆஸ்பத்திரி, மால், ஆபீஸ்களுக்குக் குளிர்ந்த அல்லது சூடான காற்றை அனுப்பும் பெரிய பெட்டிதான் ஏர் ஹேண்ட்லர். அதற்குள் வரிசையாக இருக்கும் செம்புக் குழாய்களே காயில். குழாய்க்குள் குளிர்நீர் அல்லது சுடுநீர் ஓடும்.

ஏன் வெடிக்கிறது?

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. கரண்ட் போய் பம்ப் நின்றால், குழாய்க்குள் தேங்கிய தண்ணீர் உறைய ஆரம்பிக்கும். பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் எகிறி, குழாய் பிளந்துவிடும்.

ஆனால், அப்போதே கசிவு தெரியாது. பனிக்கட்டியே ஓட்டையை அடைத்திருக்கும். கரண்ட் வந்து, பனி கரைந்து, பம்ப் ஓடும்போதுதான் தண்ணீர் கொட்டும்.

எப்படி உறுதி செய்வது?

* முதலில் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

* கீழே தண்ணீர் நின்றாலே காயில் போச்சு என்று முடிவு செய்யக் கூடாது. கூலிங் ஓடும்போது காற்றின் ஈரப்பதம் தண்ணீராகச் சொட்டுவது இயல்பு. டிரெயின் பைப் அடைத்தாலும் வழியும். ஹீட்டிங் மட்டும் ஓடும்போது தண்ணீர் வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

* காயிலின் இரு பக்க வால்வுகளையும் மூடி, பிரஷர் கேஜைப் பார்க்க வேண்டும். முள் இறங்கிக்கொண்டே போனால், வால்வுகள் சரியாக மூடியிருக்கும் பட்சத்தில், ஓட்டை காயிலில்தான்.

* தண்ணீரை வடித்துவிட்டு, குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டையில் நுரை வரும். குழாய் முனைகளில் உள்ள 'யு' வளைவுகளை முதலில் பார்ப்பது நல்லது.

ஒரு ஓட்டையை அடைத்தால் போதுமா?

போதாது. ஒரு குழாய் பிளந்திருந்தால், பக்கத்துக் குழாய்கள் உப்பிப்போய் பலவீனமாகியிருக்கலாம். பற்றவைத்த பிறகு மறுபடியும் சோதிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், உறைந்ததற்கான காரணம். வெளிக்காற்றை உள்ளே விடும் டாம்பர் மூடாமல் சிக்கிக்கொண்டதா? குளிர் மிஞ்சினால் ஃபேனை நிறுத்தும் சென்சார் வேலை செய்ததா? குளிர்காலத்துக்கு முன் காயிலில் இருந்து தண்ணீரை முழுசாக வடித்தார்களா? இதையெல்லாம் பார்க்காமல் புது காயிலே மாட்டினாலும், அடுத்த குளிருக்கு அதுவும் வெடிக்கும்.