பிரசவ அறையில் ஒலிக்க வேண்டிய தாய்மொழி



ராகேல் இறந்த நிகழ்வைத் தொடக்க நூலின் 35ஆம் அதிகாரம் ஒரு சில வரிகளிலேயே சொல்லி முடித்துவிடுகிறது. பெத்தேலை விட்டு எப்ராத்தாவை நோக்கிச் செல்லும் வழியில் அவளுக்குப் பேறுகால வலி கண்டது; அதுவும் கடுமையான வலி. அருகே ஒரு மருத்துவச்சி இருந்தாள். அஞ்ச வேண்டாம், இம்முறையும் மகனே பிறக்கிறான் என்று அவள் ராகேலைத் தேற்றினாள். மகன் பிறந்தான், தாய் மாண்டாள். அந்த மருத்துவச்சியின் பெயரை விவிலியம் நமக்குத் தரவில்லை. சாவைத் தடுத்து நிறுத்த அவளால் இயலவுமில்லை. ஆயினும் ஒரு பெண் தன் வாழ்வின் இறுதி நேரத்தில், தனக்கு விளங்கும் மொழியில், அஞ்ச வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டாள்.

சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் வாழும் நம் தாய்மாரை எண்ணும்போது இந்த மருத்துவச்சியே நினைவுக்கு வருகிறாள். தெரணியகலை, எட்டியாந்தோட்டை, தெகியோவிற்றைப் பகுதிகளின் இறப்பர் தோட்டங்களிலும், இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலும் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். நுவரெலியாவைப் போன்று தமிழர் செறிந்த பிரதேசம் அல்ல இது. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் லயன்கள் இவை. ஆகவே இங்குள்ள ஒரு பெண் வலி கண்டு வைத்தியசாலைக்குச் செல்லும்போது அவளை வரவேற்பது பெரும்பாலும் சிங்களமே. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது உண்மையே. ஆனால் சட்டம் நள்ளிரவில் பிரசவ அறையில் கடமை பார்ப்பதில்லை அல்லவா?

அவ்வறையில் புதிதாகப் பணிக்குச் சேரும் ஒரு பெண் எதைக் கற்கிறாள் என்பதைச் சற்று நோக்குவோம். உங்கள் மகளாகவே அவளை எண்ணிக்கொள்ளுங்கள்.

பிள்ளையைக் கையில் ஏந்துவதுதான் அவள் கற்கும் முதற்பாடம் என்று நாம் நினைப்போம். அப்படியல்ல. கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவே அவள் முதலில் கற்கிறாள். தலைப்பிள்ளை பல மணி நேரம் எடுக்கும். அவசரப்படுத்தினால் கேடு, அசட்டையாக இருந்தாலும் கேடு. அதற்கிடையில் அவளது காது ஓயாமல் உழைக்க வேண்டும். 1895ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு வைத்தியர் அடொல்ஃப் பினார் வடிவமைத்த, கொம்பு போன்ற ஒரு சிறு குழல் உண்டு. அதன் ஒரு முனையைத் தாயின் வயிற்றிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துச் சிசுவின் இதயத்துடிப்பை எண்ணுவாள். மின்கருவிகள் வந்துவிட்ட பின்னரும் இக்குழலின் பயன் தீர்ந்துவிடவில்லை. நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை துடிக்குமாயின் நலம். வலி வந்து தணிந்தவுடன் கேட்க வேண்டும். முழுதாக ஒரு நிமிடம் கேட்க வேண்டும். தொடக்கத்தில் தாயின் துடிப்பையே பிள்ளையின் துடிப்பென மயங்குவதும் உண்டு. அதனால்தான் அதே வேளையில் தாயின் மணிக்கட்டிலும் விரல் வைத்து, இரு துடிப்புகளையும் பிரித்தறியப் பழக்குகிறார்கள்.

பிள்ளை பிறந்ததும் எல்லோருடைய கண்ணும் பிள்ளைமீதே பாயும். புதிய தாதியின் கண்ணும் அங்கேதான் போகும். மூத்தவர்களோ அவளது கையை எடுத்துத் தாயின் வயிற்றின்மீது வைப்பார்கள். நச்சுக்கொடி வெளிவந்தபின் கருப்பை இறுகிய பந்துபோல் கையில் தட்டுப்பட வேண்டும். பிசைந்த மாவுபோல் மெத்தென்று இருந்தால் குருதி பெருகப்போகிறது என்பது அதன் பொருள். 500 மில்லிலீற்றரைத் தாண்டினால் அது ஆபத்தின் எல்லை. ஆனால் சேலையிலும் துணியிலும் ஊறிய குருதியைக் கண்மதிப்பில் அளப்பவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். இதைப் புத்தகம் சொல்லித் தரலாம். கைதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இவையனைத்தையும் எந்த மொழியினரும் கற்கலாம். மொழி தேவைப்படும் இடம் வேறு. நம் தோட்டத்துப் பெண்கள் பெரிய சொற்களால் முறையிடுவதில்லை. "கண்ணு மங்குது" என்பாள். அது இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருமுன் தோன்றும் எச்சரிக்கையாக இருக்கலாம். "தண்ணி போகுது" என்பாள். பனிக்குடம் உடைந்திருக்கும். இவற்றைக்கூடச் சைகையால் விளக்கிவிடலாம். ஆனால் "என்னமோ பண்ணுது" என்று ஒருத்தி சொன்னால்? அதை எந்தச் சைகையால் காட்டுவது? அனுபவமுள்ள மருத்துவ மாதுகள் இந்தச் சொல்லை ஒருபோதும் அலட்சியம் செய்வதில்லை. அளவுமானிகள் மாற்றம் எதையும் காட்டாத வேளையிலும், உள்ளே ஏதோ பிழைக்கிறது என்பதைத் தாயின் உடல் முன்கூட்டியே அறிந்துவிடுவதுண்டு. அச்சொல் விளங்காத செவியில் அது வெறும் முனகலாகவே விழும்.

இங்கே ஒன்றை நேர்மையோடு சொல்லியாக வேண்டும். சிங்களச் சகோதரிகள் பலர் நம் பெண்களுக்காகவே தமிழ்ச் சொற்களைக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். சிங்களத்தில் "பய வென்ன எபா" என்பார்கள். நாம் "பயப்படாதே" என்கிறோம். அச்சத்தைக் குறிக்கும் சொல் இரு மொழிகளுக்கும் ஒன்றுதான்! இந்நாட்டின் தாய்மாரைக் காத்த பெருமையும் இத்தகைய பெண்களுக்கே உரியது. மலேரியா கேகாலைப் பகுதியைச் சூறையாடிய 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இலங்கையில் மாண்டனர். 2010களில் அத்தொகை 40க்கும் கீழாகக் குறைந்தது. பயிற்றப்பட்ட மருத்துவ மாதுகள் வீடுவீடாக ஏறி இறங்காதிருந்தால் இது நிகழ்ந்திருக்குமா?

இறை அன்னையின் பெயரால் பல நூற்றாண்டுகளாகப் பணியாற்றிவரும் நம் திரு அவை இந்தப் பணியைச் சற்றுத் தாமதமாகவே அரவணைத்தது. துறவறக் கன்னியர் பேறுகாலப் பணியில் ஈடுபட நெடுங்காலம் அனுமதி இருக்கவில்லை. ஆண் வைத்தியரிடம் செல்ல மறுத்து, உதவியின்றி இறந்துகொண்டிருந்த இந்தியப் பெண்களுக்காக ஸ்கொட்லாந்து வைத்தியர் அக்னஸ் மக்லாரன் உரோமாபுரியில் மன்றாடினார். அவரது கனவை ஏற்ற ஒஸ்திரிய நாட்டு வைத்தியர் அன்னா டெங்கல் 1925ஆம் ஆண்டு ஒரு மருத்துவ மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1936ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்றுதான், திருப்பீடம் அக்கதவைத் திறந்தது. மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து சென்று, கருவுற்றிருந்த எலிசபெத்துடன் ஏறத்தாழ மூன்று மாதங்கள் தங்கியிருந்ததை லூக்கா நற்செய்தியில் அத்தனை காலமும் வாசித்துக்கொண்டுதானே இருந்தோம்!

புதிய தாதி கற்கும் பாடங்களுள் மிகக் கடினமானது அழுகுரல் எழாத பிறப்பு. அதற்கு எந்தப் பயிற்சியும் அவளை முற்றாக ஆயத்தப்படுத்துவதில்லை. அவ்வேளையில் அவள் செய்யக்கூடியவை சில உண்டு. அறையைவிட்டு ஓடிவிடாமல் நிற்கலாம். தாய் விரும்பினால் பிள்ளையைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுக்கலாம். வலியின்போது அவள் இறுகப் பிடித்திருந்த செபமாலையைத் தேடி எடுத்துத் தரலாம். திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கலாம் என்றே திரு அவையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. பெற்றோர் இதை அறிந்திருப்பது நன்று. பிள்ளை உயிரோடு பிறந்து ஆபத்தான நிலையில் இருக்குமாயின், குருவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தலையில் நீர் ஊற்றி, மூவொரு இறைவனின் பெயரைச் சொல்லி, திரு அவையின் கருத்தோடு எவரும் திருமுழுக்கு அளிக்கலாம். அளிப்பவர் கிறிஸ்தவராகக்கூட இருக்க வேண்டியதில்லை. பௌத்தச் சகோதரி ஒருவர் நீங்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க அளித்தாலும் அது செல்லும். பின்னர் பங்குத்தந்தைக்கு அறிவித்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கி 1995ஆம் ஆண்டு இரத்தினபுரி மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது. அதன் தமிழ்ப் பங்குகளில் க.பொ.த. உயர்தரம் முடித்துவிட்டு, கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைக்கோ கடைக்கோ போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைகள் பலர் உள்ளனர். தாதியர் பயிற்சி மூன்றாண்டு; மருத்துவ மாதுப் பயிற்சி ஏறத்தாழ 18 மாதங்கள். விண்ணப்பம் கோரும் அறிவித்தல் அரசாங்க வர்த்தமானியில் வெளிவரும். தோட்டத்து லயனுக்கு வர்த்தமானி வருவதில்லை. பங்குத்தந்தையர்களே, அதன் ஒரு பிரதியைக் கோவில் அறிவித்தல் பலகையில் ஒட்டிவையுங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அதைத் தமிழில் விளக்கி, படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஆசிரியர் ஒருவரை அமர்த்துங்கள். பெற்றோரே, இரவுக் கடமை என்றும் இரத்தம் என்றும் சொல்லி மகளைத் தடுக்க வேண்டாம். அவள் கடமைக்குப் போகும் அந்த இரவில், பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருத்தி லொறியில் வந்து இறங்கி, "என்னமோ பண்ணுது" என்று சொல்லக்கூடும்.